எதிர் அறை

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள் எப்போதும் இருவராகத்தான் போவார்கள். ஒருவர் மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறையில் நிற்பார். மற்றவர் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்று, கிணறு மாதிரி நீண்டு கிடக்கும் இருட்டுக்குள் இறங்குவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லை. நடுவில் இருப்பது குரல் மட்டும்தான். அதனால் அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இருப்பவர் ஒன்றைச் செய்யச் சொன்னால், மேலே இருப்பவர் அதைச் செய்து முடித்துவிட்டு அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "மெயினை இறக்கு" என்று குரல் வந்தால் கை போய் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். அதற்கப்புறம்தான் "மெயின் இறக்கியாச்சு" என்று வாய் சொல்ல வேண்டும். முதலில் கை, பிறகு வாய். பதில் வரவில்லையென்றால் கூப்பிட்டவர் எதையும் தொடக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

இந்த வழக்கத்தில் இம்மியும் பிசகாதவர் என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கியவர்தான் கயிறு. அது பட்டப்பெயர். லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிற்றை ஒரு துணியால் பிடித்தபடி ஓடவிட்டே, எங்கே நூல் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆளும் ஒல்லி. ஒர்க்‌ஷாப்பில் மட்டும் அதற்கு மூன்றாவது காரணமும் சொல்வார்கள்: "அவர் விடுற கயிறு இருக்கே, அதுல பத்து மாடி லிஃப்டைக் கட்டித் தொங்க விடலாம்."

எல்லோரையும் போலத்தான் குடிக்க ஆரம்பித்தார். வேலை முடிந்து, கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, நாலு பேரோடு. பிறகு நாலு பேர் தேவைப்படவில்லை. அப்புறம் வேலை முடிய வேண்டும் என்பதும் தேவைப்படவில்லை. கடைசியில், காலையில் ஒரு மடக்கு உள்ளே போனால்தான் ஸ்க்ரூ டிரைவர் ஸ்க்ரூவின் தலையில் போய் உட்காரும் என்று ஆயிற்று. கருவிப் பையில் எண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் அதற்கென்று ஓர் இடம் இருந்தது.

அவரோடு ஜோடி போட்டு வேலை செய்தது அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவர்தான். மச்சினனுக்கு எல்லாம் தெரியும். "மாமா, உங்க பையில கிரீஸ் தீர்ந்து நாளாச்சு. இது மட்டும் தீரவே மாட்டேங்குது" என்று சிரிப்பான். சிரித்துவிட்டுப் பெட்டியின் தலைமேல் தானே ஏறிக்கொள்வான். ஆபத்தான இடத்தில் அவன் நின்றுகொண்டு, மாமாவைப் பத்திரமாக மோட்டார் அறையில் உட்கார வைப்பது அவனுடைய கணக்கு.

வீட்டில் மனைவி மட்டும். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். போன் பண்ணினால் அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடுவாள். மனைவி ஒரு சலவைக்கடையில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். வாரத்தில் ஒரு சாயங்காலம் தையல் வகுப்புக்குப் போய் வருவாள். இரண்டு வருடமாகப் போகிறாள். ஒரு தலையணை உறைகூட அவள் தைத்து அவர் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்பதும் அவருக்குத் தோன்றியதில்லை.

அந்த வீட்டில் பச்சை விளிம்பு போட்ட கப் செட் ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு ஒர்க்‌ஷாப் ஆட்கள் சேர்ந்து கொடுத்தது. அதில் ஒன்றின் கைப்பிடி உடைந்தபோது கயிறு அதை பிரேக் லைனிங் ஒட்டும் கறுப்புப் பசையால் ஒட்டினார். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. மனைவி அதில்தான் தேநீர் குடிப்பாள். "இந்த வீட்டுல நீங்க கை வச்சு உருப்பட்டது இது ஒண்ணுதான். இருக்கட்டும்" என்பாள். பிறகு ஒருநாள் அந்தக் கப்பைக் காணவில்லை. முந்தின இரவு என்ன நடந்தது என்று அவருக்கு ஞாபகமில்லை. உடைத்திருப்போம் என்று அவராகவே முடிவு செய்து, அவள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டு, இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்து, கொஞ்ச நாள் தொடாமலும் இருந்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

விபத்து நடந்தது ஓர் அலுவலகக் கட்டடத்தில். அன்று நடுக்கம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்ததால் மருந்தும் கூடுதலாகப் போயிருந்தது. மோட்டார் அறையில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே வெயில் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. சுகமாக இருந்தது. கீழே இருட்டிலிருந்து மச்சினனின் குரல் வந்தது.

"மாமா, மெயினை இறக்குங்க!"

"மெயின் இறக்கியாச்சு."

சொன்னது வாய். கை மடியில் கிடந்தது. இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லி, குரல் வந்ததும் பதில் தானாக வெளியே வரும்படி நாக்கு பழகிப்போயிருந்தது. அந்தப் பதிலை நம்பி மச்சினன் பெட்டியின் ஓரத்து உருளைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே வலது கையை விட்டான். கீழ்த் தளத்தில் யாரோ அவசரக்காரர் பொத்தானை அமுக்கினார். பெட்டி நகர்ந்தது ஒரு சாண் அளவுதான். கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின.

கம்பெனி அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்து விசாரித்தார். கயிறு கட்டில் பக்கத்தில் தண்ணீர் ஜாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சினன் கூரையைப் பார்த்தபடி, "நான்தான் சார் மெயினை இறக்கச் சொல்ல மறந்துட்டேன்" என்றான். அதிகாரி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

"மாமா, கிட்ட வாங்க."

போனார்.

"வாசனை வரலையே. குடிக்காமயா வந்தீங்க?"

"இன்னும் ஆரம்பிக்கலைப்பா."

"சிரிக்க வைக்காதீங்க. கை வலிக்குது." சிரித்த முகம் அப்படியே சுருங்கி வேறு முகமாயிற்று. "அந்த ஆள்கிட்ட உண்மையைச் சொல்ல எனக்கு வாய் இருந்துச்சு. அக்கா முகத்துக்காகத்தான் மூடிக்கிட்டேன். அதுக்குப் பதிலா நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும்."

"சொல்லு."

"சைக்கிள் கடைக்கு மேல, பழைய டைப்ரைட்டிங் பள்ளிக்கூடம் இருக்கில்ல? அங்க வாரம் ஒருநாள் சாயங்காலம் கூட்டம் நடக்குது. குடியை விடணும்னு நினைக்கிறவங்க கூடி உக்காந்து பேசுறாங்க. போர்டு கீர்டு ஒண்ணும் இருக்காது. மேல ஏறினா ரூம் திறந்திருக்கும். போய் உக்காந்து உள்ளதைச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க." மச்சினன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "அக்காகிட்ட இப்பச் சொல்ல வேணாம். சும்மா ஆசை காட்டி மோசம் பண்ணாதீங்க. போயிட்டு வந்து என்கிட்ட சொல்லுங்க. முதல்ல கை, அப்புறம் வாய்."

போனார். அதில் குற்றம் சொல்ல முடியாது. சைக்கிள் கடையில் டயர்கள் தொங்குவதைப் பார்க்கிறவர் மாதிரி வெகுநேரம் நின்றார். தெரிந்த முகம் எதுவும் தெருவில் இல்லை என்று உறுதியான பிறகு மரப்படியில் ஏறினார். மேலே நீளமான நடை. ஒரு பக்கம் ஓர் அறை, அதற்கு நேர் எதிரே ஓர் அறை. இரண்டிலும் விளக்கு எரிந்தது. இரண்டிலும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எதிரில் இருந்த அறையில் சில ஆண்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. இந்தப் பக்க அறையில் பெண்கள் அதிகம். ஒரு பெரிய கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அலமாரியில் வகைக்கு ஒன்றாகக் கப்புகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மனம் இந்தப் பக்கம் சாய்ந்தது. கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கெட்டிலருகே நின்றிருந்த பெண்மணியை எல்லோரும் பேக்கரி அம்மா என்று கூப்பிட்டார்கள். சொந்தமாகப் பேக்கரி வைத்திருந்தார். புருஷன் அதை ஒரு முறை குடித்தே மூடி, இவர் மறுபடி திறந்தது.

"வாங்க. உங்க வீட்டுல யாருங்க?"

"என்னது?"

"குடிக்கிறது யாருன்னு கேட்டேன். இது வீட்டு ஆளுங்க உக்கார்ற ரூம். புருஷன், பையன், அண்ணன் தம்பி, யாராவது குடிச்சு, அதை நாம சுமக்கிறோம் இல்ல, அதைப் பேசுறதுக்கு. குடிக்கிறவங்களுக்கு எதிர் ரூம்."

அப்போது எழுந்திருக்கலாம். "மன்னிச்சுக்கங்க, நான் எதிர் ரூம்" என்று சொல்ல நாலு வார்த்தைதான். எல்லா முகங்களும் அவரைப் பார்த்தன. அதில் வெறுப்பு இல்லை. வருடக் கணக்கில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. கேள்வி வந்தது, நாக்கு பதில் சொன்னது.

"என் மச்சினன்."

பிறகு தங்கு தடையில்லாமல் வந்தது. கூடவே வேலை செய்கிறவன். கருவிப் பையில் எண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பான். காலையிலேயே ஒரு மடக்கு. அப்படித்தான் லிஃப்டில் கையைக் கொடுத்துவிட்டான். எல்லாம் நடந்ததுதான், ஆள் மட்டும் வேறு. சொல்லச் சொல்ல அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது நிஜமான தண்ணீர்.

வட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனம் உருகிப் போயிருக்கிறார்கள் என்று கயிறு நினைத்துக்கொண்டார். கடைசியில் பேக்கரி அம்மா ஒரு கண்ணாடி டம்ளரில் தேநீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

"குடிங்க. கை ரொம்ப நடுங்குது."

"கவலைங்க," என்றார் கயிறு.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே குடித்தார். மறுநாள் மச்சினனிடம், "போனேன்பா" என்றார். பொய்யில்லை.

"உள்ளதைச் சொன்னீங்களா?"

"ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொன்னேன்."

மச்சினன் இடது கையால் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடி இறுக்கமாக இருந்தது. விடுவித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது கயிறுக்கு.

அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும். அந்தச் சாயங்காலத்துக்காக மற்ற நாட்களைத் தள்ளுகிற நிலைமைக்கு வந்துவிட்டார். அங்கே பேசுகிறவர்களையெல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். "என் பையன் குடிச்சா பாடுவான். குரல் ரொம்ப நல்லா இருக்கும். அதுதான் கொடுமை. அடிக்கப் போனவன் நின்னு கேட்டுட்டு வந்திருக்கேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கயிறும் சிரிப்பார், தானும் பாவப்பட்டவர்களில் ஒருவர் என்கிற உரிமையோடு. தன் முறை வரும்போது மச்சினனைப் பற்றிச் சொல்வார். ராத்திரி செருப்போடு படுத்துக்கொள்கிறான். சத்தியம் செய்கிறான், மீறுகிறான். பொண்டாட்டி முகத்தைப் பார்க்கவே வெட்கப்படுகிறான். "அவன் கெட்டவன் இல்லைங்க. அவனுக்கு நிறுத்தத் தெரியலை, அவ்வளவுதான்" என்று சொல்லும்போது அவருக்கே அந்த மச்சினன்மேல் இரக்கம் பொங்கும். பிறகு படியிறங்கி, மதுக்கடை இருக்கும் தெரு வழியாகவே வீட்டுக்குப் போவார்.

வீட்டில் ஒரு மாற்றம் இருந்தது. மனைவி தையல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

"ஏன் போகலை?" என்று ஒருநாள் கேட்டார்.

"டீச்சர் நிறுத்திட்டாங்க."

"வேற இடத்துல சேரேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று தோன்றியது. "சாப்பாடு மூடி வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தச் சாயங்காலங்களில் சமையலறையில் விளக்குகூடப் போடாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். காலையில் இஸ்திரி போட்டுப் போட்டு அலுத்த கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு.

மச்சினன் வீடு திரும்பி, கம்பெனியில் உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றப்பட்டு, இடது கையால் நட்டு போல்ட்டுகளைப் பிரித்துப் போடும் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தான். "பரவாயில்ல மாமா, இங்க ஒரு லிஃப்டும் இல்ல" என்றான். ஒருநாள் கயிறிடம் மூக்கைச் சுருக்கி, "கொஞ்சம் வாசனை வருதே?" என்றான். "ஒரேயடியா விட்டா உடம்பு தாங்காதுன்னு அங்க சொல்றாங்கப்பா. படிப்படியாத்தான்." மச்சினன் நம்பினான். நம்புவதற்கு அவன் எவ்வளவு கஷ்டப்பட்டான் என்பது முகத்தில் தெரிந்தது.

மழை பெய்த ஒரு சாயங்காலம் கூட்டத்துக்கு ஆட்கள் குறைவாக வந்திருந்தார்கள். தேநீர் ஊற்றும்போது கயிறு டம்ளரை நீட்டினார். பேக்கரி அம்மா அதை வாங்கிக் கீழே வைத்தார்.

"இனிமே டம்ளர் வேணாம். இங்க வர்றவங்க ஆளுக்கொரு கப் வீட்டுல இருந்து கொண்டாந்து வைக்கிறது வழக்கம். கப் வச்சாத்தான் நம்ம ஆளு."

"அடுத்த வாரம் கொண்டாறேங்க."

"எதுக்கு? உங்க வீட்டுக் கப்பு ஒண்ணு ஏற்கெனவே இருக்கே."

கயிறு சிரித்துக்கொண்டே பார்த்தார். பேக்கரி அம்மா சிரிக்கவில்லை. அலமாரியின் கடைசி வரிசையிலிருந்து ஒரு கப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பச்சை விளிம்பு. மேலே மெல்லிய தூசி. கைப்பிடி சேரும் இரண்டு இடத்திலும் கறுப்பாக, தடிப்பாக, பிரேக் லைனிங் ஒட்டுகிற பசை.

கயிறு அந்தக் கப்பைத் தொடவில்லை. தொட்டால் சுட்டுவிடும் போலிருந்தது. தபால்காரர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா அவங்க அந்த நாற்காலியிலதான் உக்காருவாங்க," என்றார் பேக்கரி அம்மா. "கதவுப் பக்கம். நீங்க இப்ப உக்காந்திருக்கிறது."

"என் பொண்டாட்டியா?"

"தம்பி கை போனதை அழுதுகிட்டே இங்கதான் சொன்னாங்க. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலயே இருந்துட்டாங்க, வரலை. அன்னிக்குத்தான் நீங்க வந்தீங்க. வந்து அதே கதையைத் தலைகீழாச் சொன்னீங்க."

"அப்போ, உங்களுக்கெல்லாம்..."

"முதல் நாளே தெரியும்."

"ஏங்க யாரும் சொல்லலை?" அவர் குரல் உயர்ந்தது. ஏமாற்றப்பட்டவரின் கோபம் நிஜமாகவே அவருக்கு வந்துவிட்டது. "ஒரு மனுஷனை உக்கார வச்சு வேடிக்கை பார்ப்பீங்களா?"

"வேடிக்கையா?" தபால்காரர் முதல் முறையாகத் தலையைத் தூக்கினார். "எங்க வீட்டு ஆளுங்ககிட்ட உண்மையைப் பிடுங்கிப் பிடுங்கிக் கை ஓய்ஞ்சு வந்து உக்காந்திருக்கிறவங்க சார் நாங்க. உங்ககிட்டயும் பிடுங்கணுமா? நீங்களாச் சொல்வீங்கன்னு பார்த்தோம்."

கயிறு கப்பையே பார்த்தார். "அவ இப்போ ஏன் வர்றதில்ல?"

கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. இருந்தாலும் பேக்கரி அம்மா சொன்னார்.

"நீங்க ரெண்டாவது வாரம் வந்தீங்களே, அன்னிக்குக் கொஞ்சம் பிந்தி வந்தாங்க. கதவு வரைக்கும் வந்துட்டாங்க. நீங்க அவங்க நாற்காலியில உக்காந்து, அவங்க தம்பி குடிச்சுட்டுக் கையைக் குடுத்ததைப் பேசிட்டிருந்தீங்க. உங்களுக்கு முதுகுப் பக்கம் கதவு. நாங்க எல்லாரும் பார்த்தோம். கேட்டு முடிச்சுட்டு, சத்தமில்லாம படியிறங்கிப் போயிட்டாங்க."

"நீங்க கூப்பிடலையா?"

"வேலை செய்ற இடத்துக்கே போய்க் கூப்பிட்டேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழ வைக்காமயே சொன்னாங்க. 'அவருக்கு உக்கார ஒரு இடம் கிடைச்சிருக்கு. பொய்யோ மெய்யோ, அங்கயாவது வாயைத் திறக்கிறார். இருக்கட்டும். எனக்கு இனி அங்க பேசுறதுக்கு ஒண்ணுமில்ல'ன்னாங்க." பேக்கரி அம்மா கெட்டிலின் மூடியைச் சரி செய்தார். சரியாகத்தான் இருந்தது. "நானும் பொறுத்துப் பார்த்தேன். உலகத்துல அவங்களுக்குன்னு இருந்தது இந்த ஒரு நாற்காலி. அதையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க. அதான் இன்னிக்குச் சொல்லிட்டேன்."

அவர் எழுந்தார். போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கப்பை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த குழாயடிக்குப் போனார். கை நடுக்கத்தில் அது தொட்டிச் சுவரில் இடித்தது. உடைந்துவிடப் போகிறது என்று இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கழுவினார். சட்டை நுனியால் துடைத்து, எடுத்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தார். பசை இன்னும் விடாமல் பிடித்திருந்தது.

பிறகு நடையைக் கடந்து எதிர் அறைக்குப் போனார்.

அங்கே தேநீர்கூட இல்லை. ஒரு பஸ் டிரைவர், சமையல்காரர் ஒருவர், முகத்தில் தூக்கம் படிந்த இளைஞன், ஓரமாக ஒரு பெண். டிரைவர் காலை மடக்கி வழி விட்டார். ஒவ்வொருவராகப் பேசி முடித்தார்கள். முறை இவரிடம் வந்தது. தலையைக் குனிந்து சட்டை நுனியைத் திருகினார். வெட்கப்படுகிறார் என்று நினைத்து டிரைவர் உதவிக்கு வந்தார்.

"பயப்படாதீங்க அண்ணே. நான் சொல்றதைச் சொல்லுங்க. 'நான் ஒரு குடிகாரன். என்னால நிறுத்த முடியலை.'"

"நான் ஒரு குடிகாரன். என்னால நிறுத்த முடியலை," என்றார் கயிறு.

வழுவழுவென்று வந்தது. ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை. நாலு பேரும் தலையை ஆட்டினார்கள். "அவ்வளவுதான் அண்ணே, கஷ்டமான இடம் தாண்டியாச்சு" என்று டிரைவர் தோளைத் தட்டினார். தான் சொன்ன அந்தச் சத்தம் கயிறுக்குத் தெரியும். மோட்டார் அறையில், முழங்காலில் வெயில் விழ, அவர் வாயிலிருந்து வந்த அதே சத்தம்.

"இல்லைங்க," என்றார். "சும்மா திருப்பிச் சொன்னேன். இறக்கலை."

"என்னது இறக்கலை?"

"மெயினை. இறக்கியாச்சுன்னு சொன்னேன். இறக்கலை."

சமையல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்த மெயினை அண்ணே? இங்கயும் கரண்டு போச்சா?" என்றார். டிரைவர் அவரை முறைத்தார். கயிறு கோபப்படவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவை கிடந்த மாதிரியே கிடக்கவிட்டு, சொல்ல ஆரம்பித்தார். பெயின்ட் டப்பாவிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை எல்லாம் திக்கித் திக்கி வந்தது. கண்ணில் தண்ணீர் வரவில்லை. முடித்தபோது யாரும் தோளைத் தட்டவில்லை.

உண்மையைச் சொன்னவர் அன்று நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கால் பழகிய தெருவுக்குள் திரும்பியது. வாங்கினார், குடித்தார். என்றைக்கும் குடிப்பதைவிடக் குறைவாகவும் இல்லை, கூடுதலாகவும் இல்லை.

மனைவி சமையலறையில் ஸ்டூலில் இருந்தாள். அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கப்பை நான் உடைக்கலை."

"இல்ல," என்றாள்.

"கழுவி வச்சிருக்கேன். நாற்காலியும் காலியா இருக்கு. நான் எதிர் ரூமுக்குப் போயிட்டேன். அடுத்த வாரம் நீ போ."

அவளிடம் வாசனை வந்து சேர்ந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பவில்லை, மூக்கைச் சுளிக்கவில்லை. மழையில் நனைந்து வாசலில் ஒதுங்கிய யாரோ ஒருவரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள்.

"தம்பிகிட்டச் சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல. நாளைக்குச் சொல்லிடுறேன்."

"சொல்லுங்க."

"நீ போவியா?"

"சாப்பாடு மூடி வச்சிருக்கு."

மறுநாள் கிடங்குக்குப் போய் மச்சினனிடம் சொன்னார். எந்த அறையில் உட்கார்ந்தார், அங்கே அவனைப் பற்றி என்ன சொன்னார், எல்லாம். மச்சினன் இடது கையால் நட்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தான். முடிவில், "என்னைக் குடிகாரன்னு சொன்னீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டான். "ஆமா," என்றார். அவன் எழுந்து அடுத்த அலமாரிக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் அவரிடம் பேசவில்லை.

அடுத்த வாரம் கயிறு படியேறினார். அன்று காலையிலும் குடித்திருந்தார். எதிர் அறையில் போய், நாற்காலியைக் கதவுக்கு அருகில் இழுத்துப் போட்டு, நடை தெரியும்படி உட்கார்ந்தார். அந்தப் பக்கம் பேக்கரி அம்மா எல்லாக் கப்புகளையும் போல பச்சை விளிம்புக் கப்பையும் கழுவி, தேநீர் ஊற்றாமல் திரும்பக் கவிழ்ப்பது தெரிந்தது. கதவுப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தபால்காரர் தன் மகன் பாடிய ஏதோ ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

படியில் ஒரு முறை காலடிச் சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்தார். சைக்கிள் கடைக்காரர், மேலே எதையோ எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

"அண்ணே, கதவைச் சாத்திடவா? குளிருது," என்றார் டிரைவர்.

"வேணாம்பா."

"யாராவது வரணுமா?"

"கூப்பிட்டிருக்கேன்," என்றார் கயிறு. "பதில் வரலை."

டிரைவருக்கு அது விளங்கவில்லை. அவர் தன் முறைக்குப் பேச ஆரம்பித்தார். கயிறு கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, படிக்கட்டுப் பக்கம் காதைக் கொடுத்தபடி, நின்ற இடத்திலிருந்து அசையாமல் இருக்க வேண்டியவரைப் போல உட்கார்ந்திருந்தார்.